ஒன்பதாவது சிலைட்டில் செல்வராணி எழுதிய ஊர்

செல்வராணி இறந்த செய்தி வந்தபோது நான் வவுனியாவில் ஒரு பயிற்சி மண்டபத்தில் இருந்தேன். காலை பத்தரை மணி. தேநீர் குடித்துவிட்டு ஆட்கள் கதிரைகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிளிநொச்சி அலுவலகத்தின் சாரதி குகன் தொலைபேசியில் எடுத்தார். "அண்ணை, எங்கட செல்வி மிஸ் போயிட்டா. விடிய நெஞ்சு நோகுது எண்டு சொன்னாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது" என்றார். நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். உள்ளே போய் என் பகுதியைப் பேசி முடித்துவிட்டு மாங்குளத்துக்குப் பஸ் ஏறினேன். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. என்னைவிட இரண்டு வயதுதான் கூட.

அவரோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடிதண்ணீர்த் திட்டங்களுக்கு அவர் வெளிக்கள அலுவலர், நான் அறிக்கை எழுதுபவன். ஏழு வருடங்கள் எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து மாங்குளத்துக்கு உள்ளே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அந்தக் குடியேற்றத்தை ஆலடிக்குடியிருப்பு என்பார்கள். நான் இரணைமடு வாய்க்கால் பாயும் பக்கத்தில் வளர்ந்தவன். கோடையில் கிணறு வற்றும் என்பதைக் கேள்விப்பட்டிருந்தேன், பட்டதில்லை.

மாத அறிக்கைகளை இனி எல்லோரும் இணையத்தில் ஒரே பிரசன்டேஷனில் சேர்ந்துதான் செய்ய வேண்டும் என்று தலைமையகம் சொன்னபோது அதிகம் சலித்துக்கொண்டவன் நான். செல்வி சலிக்கவில்லை. ஊர்களில் சிக்னல் கிடைக்கும் மரத்தடியாகப் பார்த்து ஸ்கூட்டியை நிறுத்தி, போனிலேயே தன் சிலைட்டுகளைத் திருத்துவார். அம்புக்குறிகளும் பூ வேலைகளும் அவருக்குப் பிடிக்காது. ஒரு படம், அதன் கீழ் படத்தில் நிற்பவர்களின் பெயர்கள், ஒரே ஒரு வசனம். நான் பொடி எழுத்தில் பத்து வரிகளை நெருக்கி வைத்தால், "எழுத்தைப் பெரிசாப் போடுங்கோ ரமணன். பின்னுக்கு இருக்கிறவையும் மனிசர்தான்" என்பார்.

வெளியில் சொல்ல எனக்கு வெட்கமான ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து பணிப்பாளர் வரவிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், பிரசன்டேஷனில் பாதிக்கு மேற்பட்ட சிலைட்டுகளைக் காணவில்லை. அழித்தவன் நான். என்னுடைய தனிப் பிரதி என்று நினைத்து, எல்லோருக்கும் பொதுவானதில் கை வைத்திருந்தேன். என்ன செய்தேன் என்று எனக்கு விளங்குவதற்குள் எங்கள் பொறுப்பதிகாரி அறையிலிருந்து வந்துவிட்டார். நேரே செல்வியின் மேசைக்குப் போனார்.

"செல்வி, போனில இருந்து உதைத் திருத்தாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"சேர், நான் தொடேல்லை."

"பின்ன ஆர் தொட்டது? மற்ற எல்லாருக்கும் உது தெரியுந்தானே."

நான் வாயைத் திறக்கவில்லை. செல்வி பழைய பதிப்புகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தார். எந்த நேரத்தில் யார் எதை மாற்றினார் என்று அதில் பெயரோடு இருக்கும். பத்து நிமிடத்தில் எல்லாச் சிலைட்டுகளும் திரும்பி வந்தன. "இனிமேல் கவனம்" என்று பொறுப்பதிகாரி அவருக்கே சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் நான் அவருடைய மேசைக்குப் போனேன். "அதில என்ர பேர் இருந்திருக்குமே" என்றேன்.

"ஓம். எட்டேகாலுக்கு."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மறுநாள் பொறுப்பதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அட, நீரோ?" என்று சிரித்துவிட்டு அவர் வேறு கதைக்குப் போய்விட்டார். அதைச் செல்வியிடம் சொன்னபோது, "எனக்குப் பேச்சு, உங்களுக்குச் சிரிப்பு. சரி, வேலையைப் பாப்பம்" என்றார்.

அடுத்த வருடம் புதிய குடிதண்ணீர்த் திட்டத்துக்கு ஊர்களைத் தெரிவுசெய்தார்கள். செல்வி ஆறு ஊர்களை ஒன்பதாவது சிலைட்டில் எழுதியிருந்தார். சில நாட்களில் அது ஐந்தாகியது. காணி உறுதிப் பத்திரம் இல்லாத குடியேற்றம் என்பதால் ஆலடிக்குடியிருப்பைப் பொறுப்பதிகாரி நீக்கியிருந்தார். ஏன் நீக்கினீர்கள் என்று செல்வி ஓரத்தில் குறிப்பு எழுதினார். பதில் இல்லாமலே அந்தக் குறிப்பு மூடப்பட்டது. திரும்ப எழுதினார். அதுவும் மூடப்பட்டது.

கொழும்புடனான இணையவழிக் கூட்டத்தில் பேச வேண்டியவன் நான். பொறுப்பதிகாரி எனக்குப் பக்கத்தில் இருந்தார். செல்வி பின்வரிசையில் போனும் கையுமாக இருந்தார். நெட் இழுத்துக்கொண்டிருந்ததால் முழுத்திரையில் போடாமல், திருத்தும் பக்கத்தையே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது சிலைட்டுக்கு வந்து மூன்றாவது ஊரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஐந்தாவது ஊருக்குக் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. பக்கத்தில் சின்னப் பச்சைப் பட்டையில் 'செல்வராணி' என்ற பெயர். ஆலடிக்குடியிருப்பு என்று எழுதி முடிந்ததும் அந்தப் பட்டை அசையாமல் நின்றது.

"அது என்ன, இப்பத்தான் சேர்க்கிறீங்களா?" என்று கொழும்பிலிருந்த திட்ட அதிகாரி அம்மா கேட்டார்.

பொறுப்பதிகாரி என் முழங்கையில் தட்டி, அழிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். மவுஸ் என் கையில் இருந்தது. அழிக்க ஒரு நொடி போதும். நான் கையை எடுத்துவிட்டு, "அதை எழுதின ஆள் இங்க இருக்கிறா. அவாவே சொல்லுவா" என்றேன்.

செல்வி எழும்பினார். "அங்கை சனத்திட்ட உறுதி இல்லை மிஸ். ஆனா ஆடி ஆவணியில ரெண்டு கட்டை தூரம் போய்த்தான் குடிக்கிற தண்ணி அள்ளுதுகள். உறுதி இல்லாத சனத்துக்கும் விடாய்க்குந்தானே."

"உங்கட சொந்த ஊர் எண்டதாலதானே இந்தக் கதை?" என்றார் பொறுப்பதிகாரி.

"ஓம் சேர், என்ர ஊர்தான். அதாலதான் தண்ணி இல்லை எண்டு எனக்குத் தெரியும்."

அன்று எதுவும் முடிவாகவில்லை. அங்கே குடியிருப்பவர்கள் பற்றிய கிராம அலுவலரின் கடிதங்கள் வந்தால் பார்க்கலாம் என்றார் அந்த அம்மா. செல்விக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த நாளே கிராம அலுவலரைத் தேடிப் போனார். அந்த அலுவலகத்துக்கு எத்தனை தரம் ஏறி இறங்கினார் என்பது குகனுக்குத்தான் தெரியும். பதினொரு மாதத்தின் பின் ஆலடிக்குடியிருப்பில் குழாய்க்கிணறும் தண்ணீர்த் தாங்கியும் வந்தன. திறப்புவிழாவில் பொறுப்பதிகாரி நாடா வெட்டினார். செல்வி பெண்களோடு வரிசையில் நின்று குடம் நிரப்பினார்.

செத்தவீட்டில் அந்தப் பெண்களைக் கண்டேன். அவருடைய கணவர் மூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பற்றிக் கதைப்பா" என்றார். என்ன கதைப்பார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பொறுப்பதிகாரியும் வந்திருந்தார். கடைசிவரை நின்றுவிட்டுத்தான் போனார். அதையும் சொல்ல வேண்டும்.

செல்வராணியிடமிருந்து என்னோடு வைத்திருப்பது ஒரு பழக்கம். அலுவலகத்தில் ஏதாவது பிழையாகிப்போய், அதைச் செய்தவன் நானாக இருந்தால், யாரும் இன்னொருவரின் மேசைக்குப் போகும் முன்பே எழுந்து சொல்லிவிடுகிறேன். இதை அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் சொல்வேன் என்று நம்பி ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார், அவ்வளவுதான்.