தங்க ஓரம் வைத்த வாக்குத்தத்தம்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சிறிய சபையில், புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளை ஒன்பது வருடங்களாக ஹெலன்தான் செய்துவந்தாள். டிசம்பர் வந்தால் சார்ட் பேப்பர் வாங்கி, உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பைபிள் வசனம் எழுதி மடித்து வைப்பாள். ஜனவரி முதல் நாள் ஆராதனையில் அவற்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். யாருக்கு எது கையில் வருகிறதோ, அதுதான் அந்த வருடத்துக்குக் கடவுள் அவருக்குக் கொடுத்த வாக்குத்தத்தம்.

எடுப்பவர்களைப் பார்த்தே அவளுக்குப் பாதி வெறுத்துவிட்டது. பொறுமையாயிரு என்று வந்தால் முகம் சுளித்துத் திரும்பப் போட்டுவிட்டு, பெருக்கம் என்று வரும்வரை துழாவுவார்கள். அதை அப்புறம் பர்சிலும் லாரிக் கண்ணாடியிலும் தாயத்துபோல் வைத்துக்கொள்வார்கள்.

போன டிசம்பரில் சபைச் செயலாளர் ஆசீர்வாதம் அவள் வீட்டுக்கு வந்தார்.

"இன்னாம்மா ஹெலன், நம்ம பீட்டர் சாருக்கு மட்டும் ஒன்னு ஸ்பெஷலா பண்ணிடு. தங்கக் கலர்ல ஓரம் வெச்சி, பெருகுவன்னு வர்ற வசனமா பாத்து எழுது. தட்ல மேலாக்க வெச்சிடலாம்."

பீட்டர், தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர். ஹெலனும் அவரிடம்தான் பேக்கிங் வேலை பார்த்தாள். அவளோடு நின்று வேலை செய்த கல்பனா ஐந்து மாதக் கர்ப்பத்தில் மயங்கி விழுந்தாள். மறுநாளே கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அவளை அனுப்பியவர் அவர்தான்.

"தானா கையில வர்றதுதானேங்க ஐயா வாக்குத்தத்தம். நாமளே பாத்து வெச்சா அது இன்னாது?"

"பேப்பர்தானேம்மா. சபைக்குக் கூரை மாத்திக் குடுக்குறேன்னு சொல்லிக்கினு இருக்காரு. நீயும் அவராண்டதானே வேலை செய்யிற."

கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று இரவே ஹெலன் அந்த அட்டையைச் செய்தாள். ஓரத்துக்கு ஒட்டிய ஜிகினா, கையைத் தேய்த்துக் கழுவியும் போகாமல், சோறு பிசையும்போது விரலில் மினுங்கியது. அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள்.

புத்தாண்டுக் காலையில் பீட்டர் மேலே இருந்ததை எடுத்தார். சத்தமாக வாசித்தார். "நான் எதிர்பார்க்கவே இல்ல. தேவன் என்னத் தேடி வந்து பேசிட்டாரு" என்றார் தழுதழுத்தபடி. சபை கைதட்டியது. ஆசீர்வாதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹெலனுக்கு அவர்களைப் பார்க்கக் கூசியதைவிட, அந்த அட்டையில் தன் கையெழுத்தைப் பார்க்கத்தான் அதிகம் கூசியது. தட்டு தன்னிடம் வந்தபோது எதையும் எடுக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினாள்.

இந்த டிசம்பரில் ஆசீர்வாதம் மறுபடி வந்தார்.

"இந்த வருசம் அட்டை நான் பண்ணலீங்க ஐயா."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. அருவருப்பா இருக்குது, அதான்."

அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். சென்னையிலிருந்து அச்சடித்த அட்டைகளை வாங்கிவந்தார்கள். ஹெலன் ஏன் செய்யவில்லை என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. வேலைக்கு அவள் இன்னும் பீட்டரிடம்தான் போய்வருகிறாள்.