சுவர் மேல் வைத்த ஸ்பீக்கர்

டேப் ரிக்கார்டர் வாங்க விழுப்புரம் போன அன்று எனக்கு வயது பத்து. ஸ்பீக்கர்களைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று உறுதியாக நம்பினேன். திண்டிவனத்தில் ரேடியோ ரிப்பேர் கற்றுக்கொண்டிருந்த சின்ன மாமா, கெடாரில் பஸ் ஏறியதிலிருந்து எனக்குப் பாடம் நடத்தியிருந்தார். பெட்டி பெரிதென்றால் சத்தம் பெரிது. பாட்டுக்குத் தகுந்தபடி விளக்கு எரிந்தால் உயர்ந்த ரகம்.

அந்த வருடம் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, நல்ல விலைக்குப் போயிருந்தது. இருந்தாலும் அப்பா கொண்டு வந்த பணத்துக்குக் கடைக்காரர் இரண்டைத்தான் எடுத்து வைத்தார். ஒன்று ஒரே உடம்பாக ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு இருந்தது. போட்டதும் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஓடின. மற்றது சாதாரண டேப் ரிக்கார்டர். அதன் இரண்டு ஸ்பீக்கர்களும் தனித்தனியாகக் கழன்று வந்தன. சத்தமும் கம்மி.

"இதப் போட்டா தெருவே நின்னு கேக்கும் மாமா" என்று அப்பாவிடம் பெரியதைத் தட்டிக் காட்டினார் சின்ன மாமா. நானும் அதையே சொன்னேன்.

அப்பா சின்னதன் பக்கம் குனிந்து, "இந்த டப்பாவ எவ்ளோ தூரம் எடுத்துக்கினு போலாம்?" என்றார்.

"ஒயரு எவ்ளோ நீளமோ அவ்ளோ தூரங்க" என்றார் கடைக்காரர்.

அதோடு முடிந்தது. மிச்சப் பணத்துக்கு ஒரு சுருள் ஒயரும் வாங்கினார். பஸ்ஸில் சின்ன மாமா அவரோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

வீட்டில் ஒரு ஸ்பீக்கர் கூடத்தில் உட்கார்ந்தது. மற்றதை அப்பா வாசலின் குறுக்கே நின்ற சுவர் மேல், அந்தப் பக்கம் பார்க்க வைத்து, நனையாமலிருக்க மேலே ஒரு கூரையோட்டைக் கவிழ்த்தார். அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. கிணற்றில் யார் முதலில் இறைப்பது என்று தொடங்கிய சண்டையில் எழுந்த சுவர் அது. அன்றிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பேச்சில்லை. பெரியப்பாவோ பாட்டென்றால் உயிரை விடுபவர். தூரத்துக் கல்யாண வீட்டிலிருந்து காற்றில் ஒரு பாட்டு வந்தால் ஏரை நிறுத்திவிட்டு, முடிகிற வரை அப்படியே நிற்பார்.

"இருக்கிற பேஜாரு போதாதா? வம்ப வெல குடுத்து வாங்கிக்கினு வந்திருக்கீங்க" என்றாள் அம்மா. அப்பா ஒயரை ஆணியில் சுற்றினார்.

இது பெரியப்பாவை வெறுப்பேற்றத்தான் என்று நானும் கண்டுபிடித்தேன். யோசனை எனக்குப் பிடித்தும் இருந்தது. குறைகள் இரண்டுதான். அப்பா சத்தத்தைக் கூட்டவே மாட்டார். கேசட்டும் எப்போதும் பழைய பாட்டாகவே இருக்கும். வெறுப்பேற்றக்கூட இவருக்குச் சரியாகத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம். நான் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். அப்பா அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, இந்தப் பக்கம் பாட்டு வர்ல. இன்னான்னு பாரு."

அப்பா கையைக்கூடக் கழுவவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார்.

"ஒயரு கழண்டுக்கிச்சுண்ணே. தோ வர்றேன்."

சுவரோரம் இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். பாட்டு திரும்ப வந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

பெரிய பெட்டியை வாங்கியிருந்தால் கழன்றுபோக ஒயரே இருந்திருக்காது, அப்பாவும் பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்க வேண்டாம் என்று அம்மாவிடம் விளக்கினேன். அம்மா உள்ளே போய் இன்னொரு தட்டைக் கழுவி எடுத்து வந்து, அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான்தான் சாப்பிட்டாயிற்றே, இது எதற்கு என்று கேட்டேன்.