நல்ல மங்கல், கெட்ட மங்கல்

வீட்டுக்குப் போகும் வழியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நம் நண்பர்கள் குழுவுக்கு இதை எழுதுகிறேன். இன்று கணபதி ஏரியாவில், என் பிரிண்டிங் பட்டறையில் நடந்தது.

பல வருடம் போட்டுத் துவைத்ததுபோல மங்கலான படத்தோடு டீ-ஷர்ட் வேண்டும் என்று, ஆர்டர் கொடுத்த பையர் கேட்டிருந்தார். மையில் பாதிக்குப் பாதி நிறமில்லாத பேஸ் கலந்து, நெருக்கமான மெஷ் வலை வழியாக, அழுத்தாமல் மையை ஒரே இழுப்பு இழுத்தால்தான் அது வருகிறது. அதைப் பிடிக்க எனக்குப் பத்து நாளானது.

மதியம் செக்கிங் மேசைக்குப் போனேன். அங்கே செக்கிங் பார்க்கும் ஸ்டெல்லா அக்கா எல்லா பீஸையும் ரிஜெக்ட் கூடையில் போட்டிருந்தார். குறை கண்டுபிடிப்பதில் அவர் கண் தப்பாது.

“ஏனுங்க அக்கா, என்னாச்சு?”

“ஒண்ணுலயும் பிரிண்ட் சரியா ஏறலீங்க. வெளுத்துக் கெடக்குது.”

“அப்படித்தானுங்க கேட்டிருக்காங்க. மங்கலாத்தான் இருக்கோணும்.”

அக்கா கோபப்படவில்லை. இரண்டு பீஸை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“சரிங்க. இதுல எது வேணும்னே பண்ணுன மங்கல், எது மை பத்தாம வந்த மங்கல்? சொல்லுங்க, அதும்படி பிரிச்சுப்போடறேன்.”

மாற்றி மாற்றிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல், பையர் ஓகே செய்து கையெழுத்துப் போட்ட சாம்பிளைக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா அதை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, நிதானமாகப் பார்த்தார்.

“இதும் ஆகாதுங்க” என்று அதையும் கூடையில் போட்டுவிட்டார்.

நாளைக் காலை சரக்கு ஏற்ற லாரி வருகிறது. கண் நன்றாகத் தெரிகிற நண்பர்கள் யாராவது வந்து பிரித்துக் கொடுங்கள். அக்காவிடம் பேசும் பொறுப்பும் உங்களுடையதே.