கோபுரம் பார்க்கப் போனவர்

செவ்வாய்க்கிழமை காலை லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் சொன்னார்: "அக்கா, தில்லையண்ணை மோசம் போயிட்டாராம். பாவம், கோப்பை கழுவியே செத்த மனிசன்." பையைக் கீழே வைத்துவிட்டு அவரோடு சண்டை பிடித்தேன். இந்த அஞ்சலிக் குறிப்பிலும் அதைத்தான் செய்யப்போகிறேன். தில்லையண்ணை பாவமில்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். புதுச்சேரிக்காரி, உங்களுக்கெல்லாம் பிரெஞ்சில் படிவம் நிரப்பித் தருகிறவள். எந்த அலுவலகத்தில் எந்தக் காரணம் செல்லும் என்பது எனக்கு அத்துப்படி.

எண்பத்தைந்தாம் வருஷம் அவர் ஒரு ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்தச் சமையலறைக் காலண்டரில் ஒரு மாதம் முழுக்க சப்போரோ நகரத்து மணிக்கூட்டுக் கோபுரம் தொங்கியது. வெள்ளை மரச்சுவர், சிவப்புக் கூரை, மேலே பனி. அகதிகளுக்கான பயணப் பத்திரம் கைக்கு வந்த வாரம், அந்தத் தாளைக் கொண்டுவந்து என் முன் விரித்தார். மற்றவர்கள் லண்டனுக்கு அண்ணனைப் பார்க்க, ஜெர்மனிக்குத் தங்கையைப் பார்க்க என்று வருவார்கள். இவர், "எனக்கு இதைப் பாக்கவேணும், தங்கச்சி" என்றார்.

பழக்கதோஷம், பயணக் காரணத்தில் 'உறவினர் திருமணம்' என்று எழுதிவிட்டேன். வாசித்துக் காட்டியதும் அவர் முகம் மாறியது.

"ஆற்றை கலியாணம்?"

"யாரோடதோ இருக்கட்டும் அண்ணே. சும்மா பார்க்கன்னு எழுதினா விசா தரமாட்டாங்க."

"தராட்டில் போகட்டும். உயிர் தப்ப ஓடி வந்தன். வேலைக்கு ஓடுறன். ஒருக்காவெண்டாலும் ஆசைக்குப் போறன். அதையும் பொய்யாக்காதேங்கோ."

என் பேனாவை வாங்கி, அந்தத் திருமணத்தை அவரே கோடு போட்டு அடித்தார். நான் வேறு படிவம் நிரப்பினேன்.

ஜப்பான் விசாக் கவுண்டரில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். "ஒருத்தருமில்லை." பிறகு எதற்கு? "கோபுரம் பாக்க." மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் மாற்றிச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் உள்ளபடியே சொன்னேன். மூன்று தடவை அழைத்தார்கள். மூன்று தடவையும் அதே பதில். விசா கிடைத்தது.

திரும்பி வந்தவரைக் கேலி செய்யாத ஆளில்லை. கோபுரம் சின்னதாம், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே தேடித்தான் பிடித்தாராம். "உதைப் பாக்கவோ அவ்வளவு தூரம்?" என்று சிரித்தார்கள்.

"ஓம், சின்னன்தான். மணி அடிக்குமட்டும் நிண்டன். ஏன் வந்தனி எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

அவர் அடித்த படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று இறுதிச் சடங்குக்காக வேலையில் விடுப்புக் கேட்டேன். இறந்தவர் என்ன உறவு என்று படிவம் கேட்டது. 'அண்ணன்' என்று எழுதினால் மறுபேச்சில்லை. 'உறவில்லை. பார்க்கப் போகிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

தராவிட்டால் போகட்டும்.