வேனின் முதுகில் என் வார்த்தை

மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து. எங்கள் கம்பெனி வேனின் பின் கண்ணாடியில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்த காலையை நான் இன்னும் மறக்கவில்லை. ‘நாள் முழுக்க நிக்க வைக்கிறவங்களே, ஒரு நாள் நின்னு பாருங்க.’ பென்னலூரில் ஏறுவதற்கு முன் அதைப் படித்துவிட்டுக் கூட வந்த பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். “நல்லவேளை, ஒரு வரியோட நிறுத்தின. முழுசா பேசியிருந்தா ஒட்றதுக்கு பஸ்ஸே வேணும்டி” என்றாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின வாரம் ஷிப்ட் முடிந்து, வீங்கின காலைச் செருப்புக்குள் திணிக்க முடியாத எரிச்சலில் நான் சொன்னது அது. சொந்த வேனைக் கம்பெனிக்கு வாடகைக்கு ஓட்டிய ஓட்டுநர் அண்ணன் அதை மனசில் வாங்கி, தண்டலத்தில் ஒரு கடையில் கொடுத்து ஸ்டிக்கராக்கிவிட்டார்.

அவர் அப்படித்தான். யார் நறுக்கென்று ஒன்று சொன்னாலும் பத்துப் பேருக்குச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கும் அதே வியாதி என்பதால் எப்போதும் அவர் இருக்கைக்குப் பின்னால்தான் உட்காருவேன். அன்று கெஞ்சினேன்: “கிழிச்சிடுங்கண்ணே, எனக்கு இன்னும் பர்மனென்ட் ஆவல.”

“இன்னாத்துக்கு பயப்படற? உன் பேரா போட்டுக்கீறேன்? பின்னாடி வர்ற லாரிக்காரன் படிச்சிட்டுப் போறான், வுடு.”

சாலையில் பின்னால் வருகிறவர்களை மட்டுமே இருவரும் யோசித்தோம். எங்கள் வளாகத்தில் எந்த வண்டியும் பின்பக்கமாகப் போய்த்தான் நிற்க வேண்டும். ஆபத்தென்றால் நேரே வெளியேற முகம் கேட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. பழகின கையோடு அண்ணன் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, மேனேஜர் அறை ஜன்னலுக்கு ஐந்தடி முன்னால் என் வார்த்தையைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

வேனில் வந்த பதினாலு பேரையும் பத்து மணிக்கு மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். “இது யாரோட கருத்து? சொல்லிட்டா மத்தவங்க லைனுக்குப் போகலாம்” என்றார் மேனேஜர். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அடுத்த மாதம் வரவேண்டிய பர்மனென்ட் ஆர்டரை நம்பித்தான் தங்கையைக் கல்லூரியில் சேர்த்திருந்தோம். சொல்லிவிடலாம் என்று ஓரடி முன்னே வைத்தேன், வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கதவோரம் சாவியோடு நின்ற அண்ணன்தான் பேசினார்.

“என்னுது சார்.”

“நீதான் உட்கார்ந்துட்டு ஓட்டறியே, உனக்கென்ன?”

“உக்காந்துகினு போறவனுக்குத்தான் சார் நிக்கறவங்க கஷ்டம் நல்லா தெரியும்.”

மறுநாள் வேறு ஓட்டுநரோடு வேறு வேன் வந்தது. அடுத்த மாதம் எனக்கு ஆர்டரும் வந்தது.

பல வருஷம் கழித்து, போன மாதம் ஒரகடம் சிக்னலில் என் ஸ்கூட்டிக்கு முன்னால் அந்த வேன் நின்றிருந்தது. உள்ளே பள்ளிப் பிள்ளைகள். ஸ்டிக்கரைச் சுரண்டிய இடத்தில் பசைத் தடம் மட்டும், ஒரு மூலையில் துணுக்கு மஞ்சள். பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அதேதான்.

“இன்னாம்மா, உக்கார நாற்காலி குடுத்தாங்களா?”

“இப்ப நான் சூப்பர்வைசர்ணே. குடுத்திருக்காங்க.”

“லைன்ல கீற பொண்ணுங்களுக்கு?”

பச்சை விழுந்துவிட்டது. பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. வேன் முன்னால் நகர, எழுத்தே இல்லாத அந்தப் பசைத் தடத்தைக் கம்பெனித் திருப்பம் வரைக்கும் படித்துக்கொண்டே போனேன்.