ரியூனியன் குருவியும் மொரிஷியஸ் குருவியும்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அம்மா கனடாவின் மொன்றியல் நகரில் ஒரு சிறிய பறவைக் காட்சிக்கூடத்தைத் துப்புரவு செய்யப் போனார். எங்கள் அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராத காலம். சனிக்கிழமைகளில் என்னைத் தனியே விட மனமில்லாமல், நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து காட்சிக்கூடம் இருந்த கோட்-டெ-நெய்ஜுக்குக் கூடவே அழைத்துப் போவார். ஒரே வருடப் பள்ளிக்கூடத்தில் நான் பிரெஞ்சு பிடித்துவிட்டேன். அம்மாவின் வாய் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்த பாட்டுக்குருவிகள் இரண்டு சோடி இருந்தன. ஒரு சோடி ரியூனியன் தீவினது, மற்றது பக்கத்து மொரிஷியஸ் தீவினது. ஆண்கள் இரண்டும் ஒரே சாம்பல் நிறம்; எது எதுவென்று சொல்ல முடியாது. பெண்களில்தான் வித்தியாசம். ரியூனியன்காரிக்கு வெள்ளை வயிற்றில் வரிவரியாகக் கருமை. மொரிஷியஸ்காரி செங்கல் நிறம். இரண்டு இனமும் அழிந்துகொண்டு வருகின்றன என்று கீழே எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பொறுப்பாளர் பெட்டியின் முன் நின்று முகம் சுளித்தார். பெயர் அட்டைகள் இடம் மாறியிருக்கின்றன, உன் அம்மாவின் வேலையா என்று என்னிடம் கேட்டார். அம்மாவுக்குச் சொன்னேன்.

"ஓம், நான்தான் மாத்தினனான்," என்றார் அம்மா. "முந்திப் பிழையா இருந்தது. சுவரிலை பேர் போட்டு இருக்கிற படத்தைப் பார்க்கச் சொல்லு."

அம்மாவுக்கு வேலை போய்விட்டால்? தெரியாமல் நடந்துவிட்டது, அம்மா 'பார்தோன்' கேட்கிறார் என்று நானாகவே சொன்னேன்.

மெத்ரோ ரயில் நெரிசலில் அம்மா தினமும் சொல்லிப் பழகிய சொல் அது; உடனே பிடித்துக்கொண்டார்.

"ஆரடி மன்னிப்புக் கேட்டது?" அம்மா கையிலிருந்த துணியை வாளிக்குள் எறிந்தார். "நான் சொன்னதைச் சொல்லு. இந்தக் குருவியள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கு. அதுகளின்ரை பேரையும் மாத்தி வைக்கிறதோ எண்டு கேள்."

அழுதுகொண்டே சொன்னேன். அவர் சுவர்ப் படத்துக்கும் பெட்டிக்குமாக இரண்டு தரம் நடந்தார். பிறகு, சரி என்பதுபோல் "பொன்" என்று பிரெஞ்சில் முனகிவிட்டுத் திரும்பினார்.

அம்மா வழியை மறித்து நின்றார். "நான் வைச்சது சரியோ பிழையோ? அதைச் சொல்லிப்போட்டுப் போகட்டும்."

அந்த மனிதரின் காது சிவந்தது. "வுய், மடாம். நீங்கள் வைத்ததுதான் சரி."

வேலை போகவில்லை. ஆனால் செத்துப்போன நாலு குருவிகளுக்காக இப்படியொரு சண்டையா என்று, பஸ்ஸில் அம்மாவை விட்டுத் தள்ளிப் போய் இருந்தேன்.

அடுத்த வாரம், அப்பாவுக்கு ஊரில் நடந்ததைச் சட்டத்தரணியிடம் சொல்லப் போனபோது, அம்மா என்னை வரவிடவில்லை. "அது உன்ரை வாயாலை சொல்லுற கதை இல்லை," என்றார். மேல்மாடி அக்காவை மொழிபெயர்க்கக் கூட்டிப்போனார். எனக்குத் தந்த தண்டனை அது என்று நினைத்து, இரண்டு நாள் கோபித்துக்கொண்டு திரிந்தேன்.