சர்ச் சுவருக்கு நான் அடித்த டச்சப்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரம் அடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. எந்தச் சாமிக்காக அடித்தாலும் பிடிக்காது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து நான் தலையைச் சாய்க்கிற நேரத்துக்குத்தான் கீழே தகரக் கூரை ஷெட்டில் ஜெபம் தொடங்கும். ஓசூரில் கெலமங்கலம் ரோட்டில் நான் குடியிருந்த மாடியும் அந்த ஷெட்டும் ஒரே ஓனருடையவை. ஷெட்டை வாடகைக்கு எடுத்து சர்ச்சாக வைத்திருந்தவர்கள், அகதி முகாமிலிருந்து வரும் இலங்கைத் தமிழர்கள். ஓனரிடம் பலமுறை புகார் சொல்லியிருக்கிறேன். பாஸ்டரிடம் நேரிலேயே கத்தியிருக்கிறேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்பார். அடுத்த வாரம் டிரம் இன்னும் உற்சாகமாகக் கேட்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை வேலை முடிந்து வந்தால் ஷெட் வாசலில் கூட்டம். ராத்திரி யாரோ பூட்டை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். டியூப் லைட்டுகள் நொறுங்கிக் கிடந்தன. மரச்சிலுவை இரண்டாகப் பிளந்திருந்தது. டிரம்மைக் கத்தியால் கிழித்திருந்தார்கள். ரோட்டைப் பார்த்த செங்கல் நிறச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பெயின்ட்டில் 'அகதி நாய்களே ஓடுங்கள்' என்று எழுதியிருந்தது. கீழே இன்னொரு வரி. அது அச்சில் ஏறாது.

டிரம் போனதற்காக நான் வருத்தப்பட்டேன் என்று சொன்னால் என் மனைவியே நம்பமாட்டாள். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் நான். முகத்துக்கு நேரே, பட்டப்பகலில் போட்டேன். நடுவில் இருட்டோடு வந்து எழுதிவிட்டு ஓட இவன் யார்?

போதாக்குறைக்கு எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டிரம்முக்கு ஊரறிந்த எதிரி நான். வேலை பார்ப்பதோ பைக் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில். விசாரிக்க வந்த எஸ்.ஐ. என்னிடம் பேசிக்கொண்டே என் விரல் நகங்களை நோட்டம் விட்டார். என் மனைவி மட்டும் நேரடியாகக் கேட்டாள்.

"ஏங்க, நீங்க இல்லைல்ல?"

"நைட்டு பூரா கம்பெனியில இருந்தவன்டி நான்."

"சும்மா கேட்டேன்."

போலீஸ் போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி, திரும்பி வரவில்லை. சனிக்கிழமை வரை சுவர் அப்படியே நின்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சபையில் பாதிப் பேர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள். பாஸ்டரே வாரம் முழுக்கச் சாரத்தில் தொங்குகிறவர். கேஸ் முடியாமல் சுவரைத் தொட்டால், சாட்சியை அழித்துவிட்டார்கள் என்று தங்கள் மேலேயே திரும்பும் என்று பயந்தார்கள். ஓசூரில் தெருத்தெருவாக வெள்ளையடித்தவர்கள், தங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், சுவரின் நிறம் கடையில் கிடைக்காததால், நல்ல வெள்ளைப் பெயின்ட்டும் பிரஷும் வாங்கிக்கொண்டு நானே இறங்கிவிட்டேன்.

கம்பெனியில் என் வேலை டச்சப். பெட்ரோல் டேங்கில் கீறல் விழுந்தால் டேங்க் முழுவதும் அடிக்கமாட்டோம். கீறலை மட்டும், விளிம்பு தாண்டாமல் மூடுவோம். அப்படியே இங்கும் எழுத்தெழுத்தாக, கொம்பு, சுழி, புள்ளி ஒன்றையும் விடாமல், அக்கம்பக்கத்தில் ஒரு சொட்டுகூடப் படாமல் மூடினேன். சுவரில் மூக்கு இடிக்கிற தூரத்தில் நிற்பவனுக்கு எழுத்தா தெரியும்? கோடுதான் தெரியும். நடுவில் பாஸ்டர் டீ கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். மனுஷன் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வெயில் ஏறியபோது, மங்கிய செங்கல் நிறச் சுவரில் பளிச்சென்று வெள்ளை வெளேரென 'அகதி நாய்களே ஓடுங்கள்' நின்றது. முன்பு பக்கத்தில் வந்தவர்கள்தான் படித்தார்கள். இப்போது ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துப் படித்தார்கள். அச்சில் ஏறாத வரி இன்னும் சுத்தமாக வந்திருந்தது.

"நேத்து பாத்தீங்கல்ல பாஸ்டர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நல்ல மனசோட அடிச்சுக்கொண்டு இருந்தீங்கள் அண்ணை. குழப்பக்கூடாதெண்டு பேசாம விட்டனான்."

ஜெபத்துக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு மொத்தச் சபையும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? அந்த நேரம் பார்த்து ஓனரின் பைக் வந்து நின்றது.

ஓனர் விவசாயி. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கெட்டவர் இல்லை, பயந்தவர். சுவரை ஒருமுறை படித்தார்.

"இதுக்கு மேல வாணாம்ப்பா. ஷெட்ட காலி பண்ணிக்குங்க. நாளைக்கு கொளுத்திட்டுப் போனா யாரு பதில் சொல்றது?"

"சரி அண்ணை" என்றார் பாஸ்டர்.

அவ்வளவுதான். உடனே உள்ளே போய் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏற்கெனவே மூன்று இடங்களிலிருந்து இப்படிக் கிளம்பியவர்கள், கை பழகிப்போயிருந்தது. எங்கே போவீர்கள் என்று கேட்டேன். "தெரியேல்ல" என்றார் பாஸ்டர். எனக்கு ஓனர் மேல் வந்த கோபத்தைவிட அந்தச் 'சரி' மேல் வந்த கோபம்தான் பெரிது. என்னிடம் இத்தனை மாதம் அசராமல் நின்ற மனுஷன், இங்கே ஒரே சொல்லில் விழுந்துவிட்டார்.

ஓனர் என் பக்கம் திரும்பினார். "இவங்க போனா உனக்கும் நல்லதுதானேப்பா? நீதானே தூக்கம் கெடுதுன்னு வந்து வந்து சொல்லிக்கினு இருந்த?"

நாற்காலி அடுக்கிய கைகள் நின்றன. எல்லோரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள்.

"சத்தத்தக் கொறைக்கச் சொன்னேன்ணே. ஆளுகளக் கொறைக்கச் சொல்லல. எவனோ திருட்டுப்பய எழுதிட்டுப் போயிருக்கான். நீங்க இவங்கள அனுப்பினா, அவன் சொன்னத நீங்க செஞ்சு முடிச்ச மாதிரி ஆயிரும்."

ஓனருக்கு முகம் சுருங்கியது. சுவரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு பாஸ்டரிடம் அதட்டலாகவே கேட்டார்.

"நீ சொல்லுப்பா. இருக்கிறியா, போறியா?"

பாஸ்டர் திருதிருவென்று முழித்தார். அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து படகேறி வந்தவர் அவர். ஏறு, இறங்கு, இங்கே இரு, அங்கே போ என்று பிறர் சொல்லியே வளர்ந்தவர். அவர் இஷ்டம் என்னவென்று அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கையில் இருந்த நாற்காலியை மெதுவாகத் தரையில் போட்டு, அதில் உட்கார்ந்தார்.

"இருக்கிறம் அண்ணை" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.